தகரச் சுவரில் ஒன்பது கோடு

என் தாய்மாமன் ஒரே ஒரு பந்தை ஐந்து மாதம் அடித்தார். பந்தும் அப்படியொன்றும் நல்ல பந்தல்ல. துரைமார்கள் கிளப்பில் வேண்டாமென்று கழித்த தந்தப் பந்து. பழைய பல்லைப் போல மஞ்சளாகி, ஒரு பக்கம் மெல்லிய கீறல் ஓடியிருந்தது. மேஜையும் கழித்ததுதான். கிளப்புக்குப் புதிய பில்லியர்ட்ஸ் மேஜை வந்தபோது பழையதை மாட்டுவண்டியில் ஏற்றிச் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தின் தச்சுப் பட்டறைக்கு அனுப்பினார்கள். பழுது பார்த்து வேறெங்கோ அனுப்புவதாகத் திட்டம். அந்த வேறெங்கோ கடைசிவரை முடிவாகாததால் மேஜை பட்டறை மூலையிலேயே நின்றுவிட்டது. அப்பா அந்தப் பட்டறையில் தச்சர். மேஸ்திரியிடம் கேட்டு, மாமா அதில் பழகிக்கொள்ள அனுமதி வாங்கித் தந்தவர் அவர்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஊருக்கு மின்விளக்கு வந்த புதிது. மாமா சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தார். காலை ஆறு மணிக்குக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கினால் இரண்டு மணிக்கு மேலே வருவார். அந்த வருடத் தொடக்கத்தில் அவர் வேலை செய்த லெவலில், அடியில் இருக்கிற அந்தத் தட்டில், பாறை சரிந்து, பக்கத்தில் நின்றவருக்குக் கால் போயிற்று. மாமாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முதல், இரண்டு மணிச் சங்கு ஊதி அவர் வாசலில் தலை காட்டும்வரை அம்மா அடுப்படியில் எந்த வேலையையும் முழுதாகச் செய்ததில்லை. "தம்பிக்கு மேல ஒரு வேலை பாருங்க" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். மேலே என்றால் பூமிக்கு மேலே. எங்கள் ஊரில் வேலைகள் அந்த இரண்டு வகைதான்.

கிளப்பில் இரண்டாவது மார்க்கர் வேலை காலியாகப் போகிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் கிளப் பட்லர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எங்களுக்கு முன்வரிசையில் உட்காருபவர். மார்க்கர் என்பவர் பந்துகளை எடுத்து வைப்பார். ஆட்டத்தின் எண்ணிக்கையைச் சொல்வார். துணைக்கு ஆள் கிடைக்காத துரையோடு தானே ஆடுவார். ஆள் எடுக்கும்போது செக்ரட்டரி துரை ஒரே ஒரு சோதனைதான் வைப்பாராம். மேஜையின் இந்தக் கோடியில் பந்தை வைத்துக் கோலால் நேராக அடிக்க வேண்டும். அது எதிர்க்கோடி விளிம்பு ரப்பரில் பட்டு, போன வழியே திரும்பி வந்து, அடித்த கோலின் நுனியையே தொட வேண்டும். பத்து முறை.

"அவ்ளோதானா?" என்றார் மாமா.

"அடிச்சுப் பாரு, அப்பால சொல்லு" என்றார் பட்லர்.

முதல் நாள் பத்துக்கு ஒன்று தொட்டது. அதுவும் பந்தாகப் பார்த்துத் தொட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

மாமா பழகிய விதம் வேடிக்கை பார்க்க ஏற்றதல்ல. தினமும் மூன்று மணிக்குப் பட்டறைக்கு வருவார். முப்பது அடி, அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. கை சோர்ந்த பிறகு அடித்தால் தப்புதான் கைக்குப் பழகும் என்பார். அடித்ததும் தலையைத் தூக்க மாட்டார். பந்து போய்த் திரும்பி வரும்வரை, மோவாய் கோலின்மேல் இருக்க, அப்படியே குனிந்திருப்பார். தவறிவிட்டால் உடனே அடுத்ததை அடிப்பதில்லை. மேஜையை ஒருமுறை சுற்றி நடந்து வந்துதான் பந்தை மறுபடி வைப்பார். நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஆறு பைகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. ஒரு தடவையாவது பந்தை ஒன்றில் விழவைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். "அது தானா வரும் குட்டி, இது வந்தா" என்றுவிட்டார்.

வீட்டில் மேஜை இல்லாத குறைக்கு ஒரு காலி பாட்டிலைப் பலகைமேல் படுக்க வைத்து, அதன் கழுத்துக்குள் கோலின் நுனியை விட்டு விட்டு எடுப்பார். கண்ணாடியில் படக் கூடாது. நூறு தடவை.

"பாட்டில்ல இன்னாடா, பாம்பா பூந்துகீது?" என்பாள் அம்மா.

"பூந்தா வெளிய இட்டாரேன்க்கா" என்பார் மாமா, நுனியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோடு போடுவது என் வேலை. அன்றைய கடைசிப் பத்து அடியில் எத்தனை தொட்டதோ அத்தனை கோடு, தச்சர்களின் சுண்ணக்கட்டியால் பட்டறையின் தகரச் சுவரில். நாளுக்கு ஒரு வரிசை. பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை என்பதால் இந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கோடு எண்ணத் தெரியும். நாலு மணி வாக்கில் கஞ்சிச் செம்போடு வருவாள். மாமா அந்தப் பத்தை முடிக்கும்வரை கதவோரம் நின்று, ரம்பத்தால் அறுப்பவர்களையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு செம்பைக் கொடுத்துவிட்டு, சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள்.

முதல் மாதம் முழுவதும் சுவரில் ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று. ஒரு நாள் மூன்று போட்டேன். மறுநாள் மறுபடி ஒன்று. அந்த ஒன்றை மாமா தேவைக்கு மேல் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாள் ஒரு பந்து கோலின் நுனிக்கு ஒரு விரல் தள்ளிப் போயிற்று. ஒரு விரல்தானே என்று அதையும் கோடாகப் போட்டேன். ஒருவரும் கேட்கவில்லை. அந்த முதல் பொய்க் கோடு மற்றவற்றைவிட நேராகவே வந்தது என்பது நினைவிருக்கிறது.

பிறகு இரண்டு விரலும் தொட்டதாகக் கணக்காயிற்று. அப்புறம் நாலு விரல். ஐந்தாம் மாதத்தில் ஒரு சாண் தள்ளிப் போனதற்கெல்லாம் கோடு விழுந்தது. மாமாவுக்கு முன்னேற்றம் இல்லாமல் இல்லை. நான் அவரைவிட வேகமாக முன்னேறினேன். ஏழு, எட்டு, எட்டு, ஒன்பது. பத்து போடவில்லை. அவ்வளவு நன்றாக யாரும் செய்வதில்லை என்று எனக்கே தெரிந்திருந்தது.

இதில் நான் நினைத்துப் பாராத ஆள் அப்பா. பலகையில் கோடு எங்கே இருக்கிறதோ அங்கே அறுத்துப் பழகியவர் அவர். கோடு பொய் சொல்லும் என்று அவருக்குத் தோன்றக் காரணமே இல்லை. மூன்று நாள் தொடர்ந்து ஒன்பது கோட்டைப் பார்த்ததும் நேரே பட்லரிடம் போய், "மச்சான் ஒன்பது அடிக்கிறான், துரைகிட்ட சொல்லிடு" என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. இதில் தவறினால் அடுத்த வாய்ப்பு அந்த வேலை மறுபடி காலியாகும்போதுதான். முதல் மார்க்கர் பதினெட்டு வருடமாக அங்கே இருந்தார் என்று அப்பாவே சொல்லியிருந்தார்.

மாமா செய்தியைக் கேட்டுச் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "சரி" என்றார்.

சனிக்கிழமை மாமாவும் அப்பாவும் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள், நானும் போனேன். அடம்பிடித்து அழுததால் அப்பா கூட்டிப் போனார். ஆசையால் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். வழியில் இரண்டு முறை மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "இன்னா?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். இரண்டு முறையும் அதுதான் நடந்தது.

கிளப்பின் பின்பக்கத் தாழ்வாரத்தில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தோம். புல்லைப் போலப் பச்சையாய்ப் புதிய மேஜை. பெங்களூர் பட்டாளத் தண்டிலிருந்து வந்த இன்னொருவரும் சோதனைக்கு நின்றார். பூட்ஸ் பளபளத்தது, கையில் சொந்தக் கோல். செக்ரட்டரி துரை இங்கிலீஷில் என்னவோ கேட்டார். பட்லர் தமிழில் சொன்னார்: "பத்துக்கு எத்தினி படும்னு மொதல்ல சொல்லணுமாம்."

"பத்தும்" என்றார் பெங்களூர்க்காரர்.

"நாலு" என்றார் மாமா.

பட்லர் தாழ்வாரத்துப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்தார். "பயத்துல உளர்றான்" என்று அப்பா முணுமுணுத்தார்.

"நாலா?" என்றார் பட்லர் மறுபடியும்.

"நாலு. நல்லா வந்தா அஞ்சு."

பெங்களூர்க்காரர் முதலில் அடித்தார். பழகிய கை என்பது எனக்கே தெரிந்தது. ஆனால் ஒன்று தவறியதும் கோலின் நுனியைத் தடவிப் பார்த்தார். இரண்டாவது தவறியபோது பந்தைத் துடைத்தார். எட்டாவது பந்து நுனிக்குப் பக்கத்தில் ஓடிப் போனதும், "பட்டுதுங்க துரை" என்றார். நடுவில் இரண்டு விரல் இடம் இருந்தது. அந்த இடத்தை எனக்கு நன்றாகத் தெரியும். துரை கையிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். ஆறு தொட்டது, அவர் கணக்கில் ஏழு.

மாமா பட்டறையில் அடித்தது போலவே அடித்தார். அங்கே துரை இருப்பதோ, தரை வழவழப்பாய் இருப்பதோ அவருக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை. தவறியபோதெல்லாம் மேஜையைச் சுற்றி நடந்தார். அவ்வளவு பெரிய அறையில் அவர் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆறாவது அடியில் பந்து நுனியை உரசினாற்போல வந்தது. "பட்டுச்சு" என்றார் பட்லர், பழகிய தோஷத்துக்கு.

"இல்ல, படல" என்று மாமா பந்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.

ஐந்து தொட்டது.

கால் மணி நேரம் கழித்துப் பட்லர் தாழ்வாரத்துக்கு வந்தார். "உன் மச்சான்தான். ஒரு மாசம் வச்சுப் பார்ப்பாங்களாம்" என்றார் அப்பாவிடம்.

"அந்த ஆளுதானே கூட அடிச்சான்?" அப்பாவுக்கு நல்ல செய்தியிலும் அளவு சரியாக இருக்க வேண்டும்.

"மார்க்கர்னா எண்ணுறவன்யா. அடிக்கத்தான் துரைங்க கீறாங்களே."

திரும்பும்போது அப்பா பட்லரோடு பேசிப் பின்தங்கிவிட்டார். நானும் மாமாவும் முன்னால் நடந்தோம். கிளப் வாசலைத் தாண்டியதும் கேட்டேன். "சுவத்துல ஒன்பது கீதே மாமா. நாலுன்னு ஏன் சொன்ன?"

"நாலுதானே வரும். ஒன்பது நீ போட்டது."

"தெரியுமா உனக்கு?"

"அடிக்கிறவனுக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் திட்டல?"

"நாலு கோட்டப் பாத்தா உங்கம்மா தூங்குவாளா?" என்றார். பிறகு, "நாளானிக்கு மூணு மணிக்குப் பட்டறைக்கு வந்துடு" என்றார்.

"வேலதான் கெடச்சுடுச்சே?"

"அஞ்சுதானே பட்டுச்சு. இனிமே பட்டாத்தான் கோடு, இன்னா?"

தலையாட்டினேன். திட்டு விழாத சந்தோஷத்தில் மீதி வழியை ஓடியே கடந்தேன். ஓடும்போதே அம்மாவுக்கு ஒரு பதில் தயார் செய்துகொண்டேன். ஒன்பது எப்படி ஐந்தாயிற்று என்று அவள் கட்டாயம் கேட்பாள். கிளப் மேஜை புதிது, துணி வழுக்குகிறது என்று சொல்லிவிடலாம்.

அம்மா அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள். அடுப்பு எரியவில்லை.

"மாமாவுக்கு வேல கெடச்சுடுச்சும்மா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "எத்தினி பட்டுச்சு?"

"அஞ்சு" என்றேன், மேஜையையும் துணியையும் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு.

"அஞ்சா? பரவால்லியே, ஒண்ணு ஏறிகீது" என்றாள். எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். "கை கழுவிக்கினு வா, சாப்டலாம்."

தயார் செய்த பதிலுக்குத் தேவையே வரவில்லை. நான் நன்றாகச் சாப்பிட்டேன். எதிலிருந்து ஒன்று ஏறியது என்று கேட்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.