வெறும் வயிறு

ஹில்டாவுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், ராயபுரத்து மாதா கோயில் சார்பில் எண்ணூர் மீனவர் குப்பத்துக்கு மாசாமாசம் போய்ச் சர்க்கரை பரிசோதிக்கிறாள்.

"வெறும் வயித்துல வாங்க" என்று தொண்டைத் தண்ணி வற்றச் சொல்வாள். வருகிறவர்களோ டீயும் பன்னும் முடித்துவிட்டு ஆற அமர வருவார்கள். ஹில்டா கத்துவாள். அவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு மாசம், மீன் விற்கும் நீலா மட்டும் பச்சைத் தண்ணி பல்லில் படாமல் வந்தாள்.

"இன்னா அதிசயம்டி இது?"

"இன்னிக்குக் கிருத்திகைக்கா. முருகனுக்கு விரதம். எங்க தெருப் பொம்பளைங்க எல்லாருந்தான். அவங்கல்லாம் கோயிலுக்குப் போய்ட்டாங்க."

ஹில்டா அன்றைக்கே காலண்டரைப் புரட்டினாள். அடுத்த கிருத்திகையன்று, பெண்கள் கோயிலுக்குக் கிளம்பும் முன்பே மேஜையைப் போட்டாள். நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஒருத்தி வாயிலும் டீ வாசனை இல்லை.

கூட வந்த பங்குச் சாமியார் தயங்கினார். "மாதா கோயில் முகாமுக்கு முருகன் நாளா, ஹில்டா?"

நீலாவின் விரலில் ஊசியைக் குத்திக்கொண்டே ஹில்டா சொன்னாள்:

"நான் சொன்னா துன்னுட்டு வர்றாங்க ஃபாதர். முருகன் சொன்னா பட்டினியா வர்றாங்க. என்னை இன்னா பண்ணச் சொல்றீங்க?"