கட்டின் அடியில் ஈரம்

வெடித்துக் காய்ந்த குளத்தின் நடுவில் நின்று பார்த்தால், குளக்கட்டை வெட்டித் திறந்திருந்த இடைவெளிக்கு ஊடாக எங்கள் வீட்டுக் கூரை தெரிந்தது. அதற்கு முன் அப்படித் தெரிந்ததில்லை. வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவே எப்போதும் அந்த உயர்ந்த மண் கட்டு இருந்தது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் பழைய துருசு உள்ளே இடிந்துபோனதால், அந்த இடத்தில் கட்டை அடிவரை வெட்டிப் புதுத் துருசு கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டி முடித்ததும் மாரிக்கு முன் இடைவெளியைக் களிமண்ணால் மூட வேண்டும்.

நான் போனது ஆய்வுக்காக. கட்டுமானத் திட்டங்கள் ஏன் பிந்துகின்றன என்பதுதான் என் முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வு. ஏதாவது ஒரு வேலைத்தளத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, துணுக்காய்ப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த குளம் இது ஒன்றுதான். இதன் கீழ்தான் அப்பா வயல் செய்கிறார். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர். பள்ளிக்கூடம் போகாதவர். பேச்சு இன்னும் மலைநாட்டுப் பேச்சுத்தான். பேராசிரியர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லி அனுப்பியிருந்தார்: "நீர் தள்ளி நிண்டு பார்க்கிற ஆள். வேலைக்குள்ள கை வைச்சால் அது ஆய்வில்லை."

வேலையைக் கமக்கார அமைப்பே ஒப்பந்தத்துக்கு எடுத்திருந்தது. அந்தக் குளத்தின் கீழ் வயல் வைத்திருப்பவர்களே வேலைக்கும் நின்றார்கள். வெளியாட்கள் என்றால் பாதியில் விட்டுவிட்டுப் போவார்கள், சொந்தக் குளத்தை யார் விடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆவணி வெயிலில் வேலை மளமளவென்று நடந்தது. நான் ஒவ்வொருவரோடும் குந்தியிருந்து கதைத்தேன். முதல் மழை விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்து ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"என்ன செய்யிறது? விதைக்கிறதுதான்."

கட்டை மூட வேண்டிய காலமும் விதைப்பும் ஒன்றாகத்தான் வரும். வேலையை மேற்பார்க்க வரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் போய்ச் சொன்னேன். அவர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே சிரித்தார்.

"அவையின்ர குளம், அவையின்ர வயல். விட்டுட்டுப் போவினமோ? பகிடி விடாதையும்."

"வயல் அவையின்ர எண்டபடியாத்தான் சேர் போவினம்."

"நல்லாயிருக்கு. உம்மட ஆய்வில எழுதும்."

எழுதினேன். புரட்டாதிக் கடைசியில் ஒரு பின்னேரம் மழை கொட்டியது. மறுநாள் காலை கட்டின் மேல் மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் மட்டும் நின்றது. அதை ஓட்டுபவர் வாளிக்குக் கீழே நிழலில் படுத்திருந்தார். மற்ற எல்லோரும் வயலில். இடைவெளிக்கு நேர் கீழே, தண்ணீர் பாய்ந்தால் முதலில் விழும் நிலத்தில், அப்பா விதைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கட்டு திறந்து கிடக்குது. அதை மூடாம இதில விதைச்சு என்ன?"

"ஈரம் காஞ்சா வெத மொளைக்காதுடா. கட்டு நாளைக்கும் அங்கதான் இருக்கும்."

விதைப்பு முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது மழை விடுவதாயில்லை. களிமண்ணை மெல்லிய அடுக்காகக் கொட்டி, உருளையால் இறுக்கி, அதன் பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். நனைந்த மண்ணில் உருளை புதைந்தது. ஆகவே பெக்கோவால் அள்ளி மொத்தமாகக் கொட்டி, வாளியின் முதுகால் தட்டிவிட்டார்கள். மேலிருந்து பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. கட்டின் மேல் பொங்கல் வைத்தார்கள். எனக்கும் வாழையிலையில் தந்தார்கள். நல்ல இனிப்பு.

குளம் ஏறியது. நான் காலையில் எழுந்ததும் கட்டின் அடிக்குப் போய் வந்தேன். முதலில் புது மண்ணின் கீழே ஓர் ஈரத் திட்டு. பிறகு கசிவு. தெளிந்த தண்ணீர்தான். மண்கட்டு என்றால் கொஞ்சம் கசியும், தெளிவாக வரும்வரை பயமில்லை. கலங்கி வந்தால், தண்ணீர் உள்ளேயிருந்து மண்ணைத் தின்றுகொண்டு வருகிறது என்று அர்த்தம். கார்த்திகையில் ஒரு காலை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தேன். பால் தேத்தண்ணியின் நிறம்.

பேராசிரியர் சொன்னது அந்த நேரம் நினைவில் இல்லை. அமைப்பின் தலைவர் வீட்டுக்கு ஓடினேன். துருசுக் கதவைச் சுற்றித் திறக்கும் இரும்புத் திறப்பு அவரிடம்தான் இருந்தது. கதவைத் திறந்து குளத்தை இறக்கச் சொன்னேன். அவரும் அயலவர் ஒருவரும் குடையோடு வந்து பார்த்தார்கள்.

"மாரியில கலங்காமல் வேற என்ன? தம்பி, உமக்குப் பட்டம் கிடைக்க எங்கட குளம் உடையோணுமோ?" என்றார் தலைவர்.

அயலவர் சிரித்தார். "உடையாட்டி இவரை ஃபெயில் விட்டிடுவாங்கள் அண்ணை."

"இப்ப இறக்கினால், பயிர் குடலைக்கு வந்து கதிர் தள்ளேக்க தண்ணிக்கு எங்க போறது? நீர் கொண்டந்து ஊத்துவீரோ?"

அது நியாயமான கேள்வி. "உடைஞ்சால் முதல்ல போறது எங்கட வீடு ஐயா. அம்மா உள்ள இருக்கிறா," என்று மட்டும் சொன்னேன்.

அப்பா வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவர் குனிந்து கசிவுக்குள் கையை விட்டார். விரல்களைத் தேய்த்துப் பார்த்தார்.

"இந்த மண்ண நானுந்தானே கொட்டுனேன். சேறாத்தான் கெடந்துச்சு," என்றார். பிறகு தலைவரைப் பார்த்து, "காஞ்சா எல்லார் வயலும் காயும். ஒடைஞ்சா மொத என் வீடு. நீங்க யோசிச்சு ஒரு முடிவு எடுங்க. நான் அவளக் கூட்டிக்கிட்டு மேட்டுக்குப் போறேன்."

கோபமில்லாமல் சொல்லிவிட்டு வரம்பில் நடந்தார். பச்சையாக எழுந்து நின்ற தன் பயிரைத் திரும்பியும் பார்க்கவில்லை. தலைவர் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மடியிலிருந்து திறப்பை எடுத்து என் கையில் வைத்தார்.

"சுத்தும்."

புதுக் கதவு இறுக்கமாக இருந்தது. அயலவரும் வந்து பிடித்தார். தண்ணீர் உறுமிக்கொண்டு வாய்க்காலில் விழுந்தது. கதவு முழுதாகத் திறந்த பிறகும் குளம் இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை. அக்கரைக் காட்டின் மேல் வானம் கறுத்து வந்தது. கட்டின் அடியில் தண்ணீர் இன்னும் கலங்கித்தான் வந்தது. முன்பைவிட வேகமா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

தலைவர் குடையைக் கீழே போட்டுவிட்டுக் கசிவுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"எவ்வளவு நேரம் தாங்கும் தம்பி?"

"தெரியேல்ல ஐயா. நீங்கள் மற்ற வீட்டு ஆக்களையும் மேட்டுக்கு அனுப்புங்கோ."

அவர் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். முதல் துளிகள் குளத்தில் விழத் தொடங்கின.