வேனில் ஓர் இடம்

ஓட்டு எண்ணிக்கை நடந்த அன்று என் அண்ணன் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் படுக்கையில் இருந்தார். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை அவருக்குப் போன் போட்டு நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தேன். மதியம் அவருடைய கட்சி ஆட்சியைப் பிடித்துவிட்டது என்று சொன்னபோது அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். நர்ஸ் போனை வாங்கிப் பேசினார்.

"அக்கா, அழுதாவ. பிரஷர் ஏறிரும். கொஞ்சம் கழிச்சுப் பேசுங்க."

அண்ணனுக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. குற்றாலத்தில் அருவிக்குப் போகிற பாதையோரம் முப்பத்தைந்து வருஷம் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள். அந்தக் கையால் இனி எதையும் தூக்கக் கூடாது, அழுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னார். தொழில் அன்றோடு முடிந்தது. அண்ணி அதற்கு முன்பே தவறியிருந்தார். ஒரே மகளைக் கடையத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. நான் புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல் தென்காசியில் தனியாக இருந்தவள். அண்ணனைப் பார்த்துக்கொள்ளக் குற்றாலத்து வீட்டுக்கே வந்துவிட்டேன்.

செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். விடியுமுன் எழுந்து சமைத்து, அவரைப் பஸ்ஸில் ஏற்றி, படுக்கையில் சேர்த்துவிட்டு நான் கடைக்குப் போவேன். மதியம் வந்து கூட்டிக்கொண்டு திரும்புவேன். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் அவருக்கு. காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவேன். காபி, ரசம் எல்லாம் அந்தக் கணக்கில்தான். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, ஊறுகாய் கூடாது. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் நான் சொன்ன வார்த்தைகளில் பாதி 'கூடாது' என்பதாகத்தான் இருக்கும்.

அவர் கட்சியில் சேர்ந்து நாற்பது வருஷம். பெரிய பதவி எதுவும் வகித்ததில்லை. போஸ்டர் ஒட்டியிருக்கிறார், சுவரில் எழுதியிருக்கிறார், ஒரு மறியலில் பதினைந்து நாள் ஜெயிலில் இருந்திருக்கிறார். கட்சி முன்பு ஜெயித்தபோதெல்லாம் பதவியேற்பு விழாவுக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஒரு முறை மகளுக்குப் பிரசவம். இன்னொரு முறை அண்ணி ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்த முறை அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை சென்னையில் விழா என்று செய்தியில் சொன்னதுமே காலண்டரைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார்.

"ஏட்டி, வெள்ளிக்கெழம எனக்கு டயாலிசிஸ். அத வியாழக்கெழமைக்கு மாத்திட்டா போதும். மத்தியானம் கட்சி வேன்ல ஏறிரலாம். வெள்ளிக்கெழம விழா. சனிக்கெழம வீட்டுல இருப்பேன்."

"நீ பொறப்பட்டா நானும்லா வரணும்" என்றேன்.

"நீ இல்லாம எப்படிப் போவேன்?"

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது கழுத்தில் கை வைத்ததுபோல் இருந்தது.

மறுநாளிலிருந்து வீட்டில் இதே பேச்சு. அவர் ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினார். எந்த மாத்திரை எந்நேரத்துக்கு, வழியில் எங்கே வேனை நிறுத்தச் சொல்ல வேண்டும், எத்தனை இட்லி, ஈரத்துண்டு, குடை. தாகம் எடுத்தால் வாயில் போட்டுக்கொள்ள ஏலக்காய். கட்சிக்கரை போட்ட வேட்டியைத் தேய்க்கக் கொடுத்தார். அது இடுப்பில் நிற்குமா என்று ஒருநாள் கட்டிப் பார்த்தார். உடம்பு அவ்வளவு இளைத்திருந்தது. இரண்டாக மடித்து, பெல்ட் போட்டுக்கொண்டார். கண்ணாடி முன் நின்று, "பரவால்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எங்காவது ஓரிடத்தில் இது தானாக நின்றுவிடும் என்று நான் நம்பினேன். டயாலிசிஸ் நாளை மாற்ற மாட்டார்கள் என்று நினைத்தேன். டாக்டரிடம் கேட்டு நர்ஸ் மாற்றிக் கொடுத்தார்.

"வியாழக்கெழம காலைல மொத ஆளா போட்டுத் தாரேன். ஆனா அக்கா, அங்கன வெயிலு கொடூரமா இருக்கும். தாகத்துல தண்ணியக் குடிச்சிட்டாவன்னா நெஞ்சுல கோத்துக்கும். நீங்க பக்கத்துலயே இருக்கணும். திங்கக்கெழம காலைல இங்கன வந்துரணும்."

கடையில் லீவு கிடைக்காது என்று நினைத்தேன். முதலாளி மூன்று நாள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேனில் இடம் இருக்காது என்று நினைத்தேன். கிளைச் செயலாளர் வீட்டுக்கே வந்து, "அண்ணாச்சிக்குத்தான் மொத சீட்டு எழுதிருக்கேன். முன்னால டிரைவர் பக்கத்துல, காலு நீட்டி உக்காரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு நாற்பது வயதிருக்கும். தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருந்தார். அண்ணன்தான் அவரைக் கட்சியில் சேர்த்துவிட்டவர்.

விழாவுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, அண்ணனைப் படுக்கையில் சேர்த்துவிட்டு நான் நேராக அந்த செல்போன் கடைக்குப் போனேன். இதை நான் யோசித்துச் செய்யவில்லை என்று சொன்னால் பொய். முந்தின நாள் முழுவதும் யோசித்திருந்தேன்.

"தம்பி, அண்ணனுக்கு வேன்ல எடம் இல்லன்னு சொல்லிருங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "என்னக்கா சொல்லுதிய? அண்ணாச்சி இல்லாமயா?"

"வழில ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்ல? அந்தக் கூட்டத்துல அவர் மயங்கி விழுந்தா நான் ஒத்தைல எங்க தூக்கிட்டு ஓட?"

"டாக்டர் போவலாம்னுதான சொல்லிருக்காவ?"

"டாக்டரா தம்பி கூட வாராரு?"

அவர் கல்லாப்பெட்டியை மூடினார். "நீங்களே சொல்லுங்களேன்க்கா. வேண்டாம்னு."

"நான் சொன்னா கேக்க மாட்டாவ. கட்சி சொன்னா கேப்பாவ. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லாண்டாம்."

பயம் உண்மைதான். ஆனால் பயம் மட்டும் இல்லை. எனக்கு அலுத்துப்போயிருந்தது. இரண்டு வருஷமாக நான் என் விருப்பத்துக்கு ஒரு நாள் படுத்துக் கிடந்ததில்லை. சென்னை வரை அந்த வேனில், அவர் உதடு காய்வதைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை என் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது என்று தோன்றியது. இதைச் செயலாளரிடம் நான் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

புதன்கிழமை சாயங்காலம் செயலாளர் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். அண்ணன் உள்ளே பையில் துண்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஆளக் கொறைக்கச் சொல்லிட்டாவ. மேலருந்து உத்தரவு. பாஸ் வரல. பொறவு ஒருநா நாம தனியாப் போயித் தலைவரப் பாத்துட்டு வருவோம்."

அண்ணன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "யாரு யாரு போறிய?"

செயலாளர் சொல்லத் தொடங்கினார். பாதியில் ஒரு பெயர் வந்ததும் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். போன வருஷம் எதிர்க்கட்சியிலிருந்து வந்து சேர்ந்த ஆளின் பெயர் அது.

"அவனுமா போறான்?"

செயலாளர் தலை குனிந்தார். ஒரு கணம் அவர் கண் என் பக்கம் வந்தது. நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

"சரிடே. பாத்துப் போயிட்டு வாங்க" என்று அண்ணன் சொன்னது கேட்டது.

வியாழக்கிழமை காலை, மாற்றி வாங்கிய அந்த நேரத்துக்கே டயாலிசிஸுக்குப் போனோம். விஷயம் தெரியாத நர்ஸ், "நல்லபடியாப் போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்றார். அண்ணன் சரி என்று தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை அந்த வேட்டியைக் கட்டவில்லை. கைலியோடு நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்தார். தலைவர் மேடைக்கு வந்தபோதும் உறுதிமொழி வாசித்தபோதும் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேமரா கூட்டத்தின் மேல் போகும்போது மட்டும் முன்னால் சாய்ந்து உற்றுப் பார்த்தார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, டிவியைப் பார்த்தபடியே சொன்னார்.

"இவ்வளவு கூட்டத்துல ஒரு ஆளு கொறஞ்சா தெரியவா செய்யும்."

அப்போது சொல்லியிருக்கலாம். நான்தான் என்று சொல்லியிருந்தால் என்னைத் திட்டியிருப்பார், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பார், அத்தோடு போயிருக்கும். மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சென்னையிலிருந்து திரும்பிய செயலாளர் ஒரு சால்வையும் ஸ்வீட் பாக்கெட்டும் கொண்டுவந்தார். அண்ணன் தூங்குவதாகச் சொல்லச் சொன்னார். கட்சிக்காரர்கள் கூடுகிற டீக்கடைப் பக்கம் போவதை விட்டுவிட்டார். டைரியில் எழுதிய பக்கங்களைக் கிழித்திருந்தார்.

ஜூனில் சாரல் தொடங்கியது. லாட்ஜுகள் நிறைந்தன. எண்ணெய் தேய்க்கிறவர்கள் பாதையில் வரிசையாக நின்றார்கள். அண்ணன் குடை பிடித்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்திருப்பார். அங்கே தண்ணீர் குடிக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. காலில் வீக்கம் ஏறியது. நான் கேட்டால், "நீ ஊத்தி வச்சதுதாம்ட்டி குடிக்கேன்" என்பார்.

ஆடி பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எனக்குக் கடையில் சரக்கு வரும் நாளாக இருந்ததால், டயாலிசிஸுக்குத் தனியாகப் போய்க்கொள்வதாக அண்ணன் சொன்னார். பத்து மணிக்கு நர்ஸ் கூப்பிட்டார். அவர் அங்கே போகவே இல்லை. வீட்டுக்கு ஓடினேன். கட்டிலில் படுத்திருந்தார்.

"இன்னைக்கு ஒருநா வேண்டாம்ட்டி. குத்திக் குத்திக் கை வலிக்கு" என்றார். எவ்வளவு கெஞ்சியும் எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மூச்சு இரைத்தது. ஆம்புலன்ஸில் தென்காசி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

வேனில் இடம் கிடைத்திருந்தால் உயிரோடு இருந்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. சென்னை வெயிலிலேயே அது நடந்திருக்கவும் கூடும். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அன்று மத்தியானம் செயலாளர் நாலு பேரோடு மாலையும் கட்சிக்கொடியும் கொண்டுவந்தார். அண்ணன் மகள் வாசலிலேயே மறித்தாள்.

"எங்க அப்பா மேல இதப் போடாண்டாம். போன வாரந்தான் எங்கிட்ட போன்ல சொன்னாவ, கொடி போட விடாதன்னு. நாப்பது வருசம் ஒழச்ச மனுசன், ஒரு வேன்ல எடமில்லன்னுட்டியளே."

கூடி நின்ற சொந்தக்காரர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. செயலாளர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கொடியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவில் நனைந்தபடி நின்றார். என்னை அவர் பார்க்கவே இல்லை. நான் அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்திருந்தால் இரண்டு வாக்கியத்தில் முடிந்திருக்கும். திறக்கவில்லை. மாலை மட்டும் போட்டுவிட்டு, காடு வரை பின்னால் நடந்து வந்தார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அண்ணன் மகளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் ஊருக்குப் புறப்படப் பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, குழாயை மூடாமலே என் பக்கம் திரும்பினாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா அத்தை?"

"தெரியாது."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்று நான் செருப்பைப் போட்டபோது, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நடந்தாள். செயலாளர் கடைக்குப் போய் அவள் மன்னிப்புக் கேட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். என்னைப் பார்க்க வரவில்லை. நான் போன் போட்டால் அவள் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார். வேலையாக இருக்கிறாள், அப்புறம் பேசச் சொல்கிறேன் என்கிறார்.