மூச்சு வாங்க அரை நிமிடம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கபடி ஆடுகளத்தில் அதற்கு வேலை கிடையாது; கார்னரில் நிற்கிறவளுக்குக் கண்ணும் கையும் போதும். கல்லூரியில் படித்த மூன்று வருடமும் நான்தான் வலது கார்னர். எதிரணிப் பெண் பாடிக்கொண்டு உள்ளே வந்தால், அவள் கால் எப்போது தரையில் அழுந்துகிறது என்று பார்த்திருந்து, கணுக்காலைப் பிடித்துச் சாய்க்க வேண்டும். மாகறலிலிருந்து உத்திரமேரூருக்குத் தினமும் பஸ்ஸில் நசுங்கி வந்து நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். பி.காம். எப்படியோ தேறிவிட்டது.

எங்கள் அணியில் பாடிப் போகிற ரெய்டர் காவாந்தண்டலத்துப் பெண், என் வகுப்புத்தோழி. எதிரணிப் பக்கம் அவள் போவது தெரியும், வருவது தெரியாது. கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு, ஒரு கைவீச்சு, யாரையாவது தொட்டுவிட்டுத் திரும்பியிருப்பாள். சுற்றி நிற்கும் பையன்கள் விசிலடிப்பார்கள். எங்கள் உடற்கல்வி சாரும் படிக்கிற காலத்தில் ரெய்டராக இருந்தவர். அவள் ஆடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், தானே உள்ளே போய் வந்த மாதிரி மூச்சு வாங்குவார்.

அது எங்களுக்குக் கடைசி வருடம். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் உடற்கல்வி படிக்கலாம் என்று சார் அவளிடம் சொல்லியிருந்தார். கிடைக்காவிட்டால் அவள் அக்காவைப் போல ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. அவள் வீட்டில் யாரும் கெட்ட எண்ணத்தில் அப்படி நினைக்கவில்லை. பஸ் ஊருக்குள்ளேயே வருகிறது, மாசம் பிறந்தால் சம்பளம் வருகிறது, வேறென்ன வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அவளுக்கு மட்டும் அந்தப் பேச்சை எடுத்தாலே சோறு இறங்காது. எனக்கும் பல்கலைக்கழக அணிக்குப் போக ஆசைதான். ஆனால் எங்கள் வீட்டில் நிலம் இருந்தது, பி.எட். சேர்த்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். எனக்கு இருந்தது ஆசை, அவளுக்கு வேறு வழியில்லை.

அந்த வருடம் எங்கள் அணிக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. முதல் பாதியில் ஏகமாக முன்னால் போவோம். இரண்டாம் பாதியில் எதிரணி ரெய்டர்கள் வரிசையாக வந்து எங்களைத் தொட்டுவிட்டுப் போவார்கள். என் கை போகும், அதற்குள் கால் போயிருக்கும். பழி முழுக்கப் பிடிக்கிறவர்கள் மேல், அதிலும் என் மேல்.

"அவ எடுக்கறா, நீங்க வுடறீங்க. தப்பு யாரு மேல?" என்று சார் கேட்டார்.

உடம்பில் தெம்பு இல்லை என்று அவரே முடிவு செய்து முட்டை சாப்பிடச் சொன்னார், ஏரிக்கரை மேல் ஓடவிட்டார். வெயிலேறும் வரை ஓடினோம். எனக்கு முட்டி வீங்கியதுதான் மிச்சம்.

வீங்கிய முட்டியோடு ஒரு வாரம் வெளியே உட்கார்ந்து பயிற்சி ஆட்டத்தைப் பார்த்தேன். அதுவரை எங்கள் ரெய்டர் உள்ளே போனால் நானும் எல்லாரையும் போல அவளைத்தான் பார்ப்பேன். ஒரு நாள் கால் வலி எரிச்சலில், என் இடத்தில் நின்ற ஜூனியர் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இடுப்பில் கைவைத்துக் குனிந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். அவள் நிமிர்வதற்குள் எங்கள் ரெய்டர் திரும்பி வந்துவிட்டாள், எதிரணி ரெய்டரும் உள்ளே நுழைந்துவிட்டாள். அடுத்த முறையும் அதேதான். அதற்கடுத்த முறை அந்தப் பெண்ணுக்குக் குனியக்கூட நேரம் கிடைக்கவில்லை.

எனக்குச் சட்டென்று புரிந்தது. ஒரு ரெய்டுக்கு அரை நிமிடம். நம் ரெய்டர் அந்தப் பக்கம் பாடிக்கொண்டிருக்கும் வரைக்கும்தான் இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு ஓய்வு. எதிரணி ரெய்டர் அரை நிமிடத்தையும் முழுசாக நின்று எங்களை ஆட்டிவைத்துவிட்டுப் போகிறாள். எங்கள் ஆள் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறாள். அவள் வேகம் பாயிண்ட்டைக் கொண்டுவந்தது, எங்கள் மூச்சைக் கொண்டுபோனது. ஏரிக்கரையை நூறு சுற்று சுற்றினாலும் இதற்கு மருந்து கிடையாது.

சாரிடம் சொன்னேன். பாயிண்ட் எடுக்கிறவளைக் குறை சொல்லாதே என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். அவளிடமே சொன்னேன். நல்ல விதமாகத்தான் சொன்னேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன், என் வாய் அப்படி.

"நான் பாயிண்டு எடுக்கறது உனக்கு இன்னா பேஜாரு?" என்றாள். "புடிக்க முடிலன்னா முடிலன்னு சொல்லு."

அதன்பிறகு பயிற்சிக்கு வருவோம், போவோம், பேச்சு கிடையாது.

கல்லூரிகளுக்கிடையேயான இறுதி ஆட்டம் காஞ்சிபுரத்தில் ஒரு மைதானத்தில் நடந்தது. காலை வெயில். சாமியானா நிழலில் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாதி முழுக்க அவள் ராஜ்ஜியம். பிடிக்க வந்த மூன்று பேர் நடுவே புகுந்து ஒரு முறை கோட்டைத் தொட்டாள். தேர்வாளர்களில் வயதானவர் பக்கத்திலிருந்தவரிடம் அவளைக் காட்டி ஏதோ சொன்னார். நானே பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

இரண்டாம் பாதியில் பழைய வியாதி வந்தது. நாங்கள் எடுத்த முன்னிலை கரைந்துகொண்டே வந்தது. இடது கார்னர் பெண் வாந்தி வருகிறது என்றாள். ஒரு ரெய்டர் இன்னொருத்தியைத் தொட்டுவிட்டு, என் விரல் நுனிக்கு எட்டாமல் போனபோது வித்தியாசம் ஒரே பாயிண்ட்டாகிவிட்டது. சார் டைம்-அவுட் கேட்டு, இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று அவளிடம் கத்தினார். அவள் தண்ணீர் பாட்டிலோடு நேரே என்னிடம் வந்தாள். எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தாள். நாங்கள் நின்ற கோலம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னா பண்ணணும், சொல்லு."

"போய் நில்லு. யாரையும் தொடாத. நேரம் முடியற வரைக்கும் நின்னுட்டு வா."

அவள் சாமியானா பக்கம் திரும்பாமலே, "அவங்க ரெண்டு பேரும் என்னியதான் பாத்துக்கினு கீறாங்கடி" என்றாள்.

எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். விசில் ஊதிவிட்டார்கள்.

அவள் போனாள், நின்றாள். எதிரணியின் எல்லைக்குள் கால் வைத்து, இப்படி ஒரு எட்டு, அப்படி ஒரு எட்டு, கபடி கபடி என்று பாடிக்கொண்டே அரை நிமிடத்தையும் தின்றாள். நான் முட்டியில் கைவைத்துக் குனிந்து வயிறு நிறைய மூச்சு இழுத்தேன். அவள் வெறுங்கையோடு திரும்பினாள். கூட்டம் கூச்சல் போட்டது. தூக்கமா என்று ஒருத்தன் கேட்டான். வந்த ரெய்டரை இடது கார்னர் பிடித்தாள். மறுபடி எங்கள் ஆள் போய் நின்றாள், மறுபடி வெறுங்கை. பதிலுக்கு வந்தவளும் யாரையும் தொட முடியாமல் திரும்பினாள். சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு வந்தால் மூன்றாவதில் பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ரெய்டர் வெளியேற வேண்டும். மூன்றாவதில் அவளை மூன்று பேர் சேர்ந்து அமுக்கினார்கள். புடவைக்குச் சாயம் போட்ட மாதிரி செம்மண் ஒட்டிய சட்டையோடு வெளியே போய் உட்கார்ந்தாள்.

மீதி ஒரே ஒரு ரெய்டு, அவர்களுடையது. நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். ஒருத்தியைத் தொட்டால் சமம், இரண்டு பேரைத் தொட்டால் தோல்வி. அந்தப் பெண் நேராக என் பக்கம்தான் வந்தாள், ஓய்ந்த கார்னர் என்று நினைத்திருப்பாள். என் கண்ணுக்கு அவள் கால் மட்டும் தெரிந்தது. அவள் குதிகால் அழுந்திய நொடியில் பாய்ந்து பிடித்தேன். இழுத்தாள், தரையோடு என்னை இழுத்துக்கொண்டு போனாள், நான் விடவில்லை. மற்றவர்கள் மேலே வந்து விழுந்தார்கள். விசில்.

பரிசளிப்பின்போது பல்கலைக்கழக அணிக்கு எங்கள் கல்லூரியிலிருந்து ஒரே ஒரு பெயரைத்தான் வாசித்தார்கள். என் பெயர்.

நான் நேரே வயதான தேர்வாளரிடம் போய்க் கேட்டேன், அவளை ஏன் எடுக்கவில்லை என்று. முதல் பாதி நன்றாக ஆடினாள், இரண்டாம் பாதியில் மூச்சு நின்றுவிட்டது, அந்த ரெய்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார். வேண்டுமென்றே நின்றாள், எங்களுக்காக நின்றாள், நான்தான் நிற்கச் சொன்னேன் என்று சத்தமாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எல்லாக் கல்லூரியிலிருந்தும் யாராவது ஒருத்தர் இப்படி வந்து சொல்வார்கள் அம்மா என்று என் தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கோப்பையை வைத்துக்கொண்டு மற்றவர்கள் பின்னால் பாடிக்கொண்டு வந்தார்கள். ஊர் நெருங்கியபோது ஜன்னல் பக்கம் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"அந்த டீமுக்குப் போயி, எவகிட்டயும் நின்னுட்டு வான்னு சொல்லாத."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். சரி என்றேன்.

பரீட்சை முடிந்த மறுமாதம் அவள் கம்பெனிக்குப் போகத் தொடங்கினாள். நான் பல்கலைக்கழக அணியோடு வெளியூர் போனேன். அங்கேயும் மின்னல் மாதிரி ஒரு ரெய்டர் இருந்தாள். அரையிறுதியின் இரண்டாம் பாதியில் எங்களுக்குக் கால் துவண்டது, பாயிண்ட் கரைந்தது, எனக்குக் காரணம் நன்றாகவே தெரிந்தது. டைம்-அவுட்டில் அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். சாமியானா நிழலில் அன்றும் யாரோ உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் இல்ல, நீ உன் ஆட்டத்த ஆடு" என்றேன்.

அந்த ஆட்டத்தில் தோற்றோம்.