மிளகு பெறாத குட்டிகள்

“அக்கா, இந்த அம்மா நாய் ஏன் குட்டிங்களை நக்கவே மாட்டேங்குது?”

என் சித்தி வீட்டு ஹாலில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் இப்படிக் கேட்டாள். “தூக்கம் வருதோ என்னவோ” என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அதை நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

சித்தியைப் பற்றிச் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். அவர் ஜன்னல் திரை தைப்பவர். பின்னறையில் மெஷின், முன்னறையில் சோபா, சுவர் முழுக்க மாதிரித் திரைகள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் குட்டி போட்ட பூனையாக அலைந்துகொண்டிருந்த என்னை, “மடிப்பு தைக்கவாவது கத்துக்க” என்று அம்மா அங்கே அனுப்பினார்.

சித்திக்குப் பொய் வராது. ஆசையாகத் துணியைத் தடவிப் பார்ப்பவரிடம், “இது ரெண்டு துவையல்ல வெளுத்துடும், வேணாங்க” என்று சொல்லிவிடுவார்.

“உன் வாய்தான்டி உன் கடைக்குப் பூட்டு” என்று அம்மா கிண்டல் செய்வார்.

“பூட்டு நல்லா இருந்தாத்தான் அக்கா ஜனங்க நம்பி வர்றாங்க” என்பார் சித்தி.

ஒரு நாள் ஒருவர் தடித்த கறுப்புத் திரைகள் தைக்கக் கொடுத்தார். வெளிச்சம் துளிக்கூட உள்ளே வரக்கூடாது என்றார். நாய்க்குட்டி வளர்த்து விற்பவராம். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் குட்டிக்காரர். சோபாவுக்கு அடியில் படுத்திருந்த மிளகைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. மிளகு சித்தியின் கறுப்பு லாப்ரடார். யாரோ கைவிட்டதை எடுத்து வந்து, கருத்தடை செய்து, எட்டு வருடமாக வளர்க்கிறார்.

“சிஸ்டர், என் வீட்ல மராமத்து வேலை, ஒரே சிமெண்டு. குட்டி பாக்க வர்றவங்களை உங்க ஹால்ல ஒரு மணி நேரம் உக்கார வைக்கலாமா? உங்க திரையும் நாலு பேர் கண்ணுல படும்.”

சித்தி சரி என்றார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூடையில் இரண்டு குட்டிகள் வரும். பதினொன்றுக்கு ஆட்கள் வருவார்கள். முதல் ஞாயிறே ஒருவர் மிளகைக் காட்டி, “இதுதான் தாயா? எவ்வளவு சாது” என்றார். குட்டிக்காரர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். வந்தவர்கள் போனதும் சித்தி கேட்டார்.

“ஏன் ஆமான்னீங்க?”

“நான் எங்க சிஸ்டர் சொன்னேன்? அவரா சொன்னாரு. தாய் கார்ல ஏறினா வாந்தி எடுக்கும். அதைப் போட்டு ஏன் கஷ்டப்படுத்தணும்?”

சித்தி அதற்குமேல் கேட்கவில்லை. வந்தவர்களிடம் அவர் பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. இப்படியே ஆறு ஞாயிறுகள் போயின. பதினொரு குட்டிகள் போயின. அந்தச் சின்னப் பெண்ணும் அவளுடைய அம்மாவும் ஆறாவது ஞாயிறு வந்தவர்கள். அந்த அம்மா பஸ் கண்டக்டர். குட்டியை வாங்கிய கையோடு, படுக்கையறைக்கு நீலத் திரையும் சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை அவர் போன் செய்தார். குட்டி ரத்தமாகக் கழிகிறதாம்.

“டாக்டர் பார்வோ வைரஸ் நோய்னு சந்தேகப்படறார். குட்டிக்கு சரியா எத்தனை வாரம், தாய்க்குத் தடுப்பூசி போட்டாச்சான்னு கேக்கறார். உங்க மிளகோட ஊசிக் கார்டைக் கொஞ்சம் போட்டோ எடுத்து அனுப்புறீங்களா?”

சித்தி போனைக் காதில் வைத்தபடியே மிளகைப் பார்த்தார். பிறகு, “மிளகு அதோட அம்மா இல்லைங்க” என்றார். “தாய் எங்க இருக்குன்னு பாத்துட்டு இப்பவே சொல்றேன்.”

குட்டிக்காரர் போனை எடுக்கவில்லை. கறுப்புத் திரைகளை அனுப்பிய விலாசம் சித்தியின் அளவு நோட்டில் இருந்தது. ஆட்டோ பிடித்துப் போனோம். அது வீடே இல்லை. லாரி ஷெட்டுகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. மராமத்தும் இல்லை, சிமெண்டும் இல்லை. பத்தடி தள்ளி நிற்கும்போதே மூத்திர நெடி மூக்கில் அறைந்தது. கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே சித்தி தைத்த திரைகள் தொங்கின. அவர் தையலை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். கீழ்மடிப்பில் இரண்டு வரிசைத் தையல் போடுவார். ஒன்றை விலக்கினேன். அடுக்கடுக்காகக் கம்பிக் கூண்டுகள். தரைக்குப் பலகைகூட இல்லை, வெறும் கம்பி வலை. ஒவ்வொன்றிலும் ஒரு நாய். ஒன்றுகூடக் குரைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முப்பது நாய்கள் இருக்கும் இடத்தில் அவ்வளவு அமைதி.

சித்தி ஒரு கூண்டின் கொக்கியை எடுத்தார். காம்புகள் தொங்கிய ஒரு மஞ்சள் நாயைத் தூக்கித் தரையில் விட்டார். அதற்கு நிற்கத் தெரியவில்லை. விரல்கள் விரிந்துபோயிருந்தன. சமமான தரையில் ஒரு காலை வைத்துவிட்டு, சுட்டதுபோல் எடுத்துக்கொண்டது.

“சிஸ்டர், சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களே.” பின்னால் குட்டிக்காரர். கோபமே இல்லாத அதே மரியாதைக் குரல்.

“அந்தக் குட்டிக்கு எத்தனை வாரம்?”

“எட்டு.”

“டாக்டர் கேக்கறார். சாகக் கெடக்குது. நெசத்தைச் சொல்லுங்க.”

“அஞ்சு இருக்கும்.”

“தாய்க்கு ஊசி?”

அவர் கூரையைப் பார்த்தார். “வர்றவங்களுக்கு அழகான குட்டி வேணும், சிஸ்டர். அது எங்க பொறந்துச்சுன்னு யார் கேட்டா? நீங்களே இத்தனை நாளா கேக்கலையே.”

சொல்லிவிட்டு மஞ்சள் நாயைத் தூக்கிக் கூண்டுக்குள் விட்டுக் கொக்கியை மாட்டினார். அந்த ஆள் சொன்னதில், நாங்கள் கேட்கவில்லை என்பது உண்மை.

வாசலுக்கு வந்ததும் சித்தி கண்டக்டருக்கு விவரம் சொன்னார். பிராணிகள் நலத்துறைக்கும் போன் செய்தார். மறுநாள் மாலை அதிகாரிகள் போனபோது கொட்டகை காலி. கூண்டுகளோ நாய்களோ இல்லை. திரைகளையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை குட்டி இறந்துவிட்டது. சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். கண்டக்டர் யூனிபாரத்தோடு வாசலில் நின்றார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

“அந்த ஆள் முகம்கூட எனக்கு ஞாபகமில்லைங்க. உங்களைப் பாத்துத்தான் வாங்கினேன்” என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. சித்தி தலைகுனிந்து நின்றதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் சித்தி தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தார். “ஒரு திரை தைக்க நான் எத்தனை கேக்கறேன். வெயில் எந்தப் பக்கம், வீட்ல இழுக்கற குழந்தை இருக்கா, யார் துவைப்பாங்கன்னு. அந்த ஆள் ஒருத்தர்கிட்டயாவது, பகல்ல வீட்ல யார் இருப்பாங்கன்னு கேட்டானா? அப்பவே எனக்கு உறைச்சிருக்க வேணாமா?”

அன்றிலிருந்து மெஷின் ஓடவில்லை. அளவு நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். திரை சொல்லிவிட்டுப் போனவர்களின் விலாசம்தானே இருக்கும். கண்டக்டரைத் தவிர ஐந்து வீடு. ஒரு வீட்டில் குட்டி ஏற்கெனவே செத்திருந்தது. ஒருவர் கதவைச் சாத்திவிட்டார். மற்ற மூன்று பேர் அன்றே டாக்டரிடம் ஓடினார்கள். அதில் ஒரு குட்டிக்கு நோய் ஆரம்பித்திருந்தது. பிழைத்துக்கொண்டது.

ஒவ்வொரு வாசலிலும் சித்தி இதையும் சொன்னார்: “இனிமே எங்க வாங்கினாலும், பொறந்த இடத்துக்கே போய்ப் பாருங்க. தாய் குட்டிக்குப் பால் குடுக்கறதைக் கண்ணால பாருங்க. எட்டு வாரம் ஆகாம தர்றவங்ககிட்ட வாங்காதீங்க. டாக்டர் பேர் என்னன்னு கேட்டு அவருக்கே போன் பண்ணுங்க. நல்லவங்க உங்களைத்தான் கேள்வி கேட்டுக் கொடைவாங்க. கோவிச்சுக்காதீங்க, அவங்கதான் சரியான ஆளு.”

மீதி ஐந்து குட்டிகள் எங்கே இருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியவில்லை. வாங்கியவர்கள் திரை எதுவும் கேட்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. சித்தி பஸ்ஸில் போகும்போதும் ஜன்னல் வழியாக நாய்க்குட்டி தென்படுகிறதா என்றே பார்த்துக்கொண்டு வருகிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன். சுவர் முழுக்கத் திரை தொங்கிய ஒரு ஹாலில், கறுப்பு நாய் ஒன்று பக்கத்தில் படுத்திருக்க, நீங்கள் குட்டி வாங்கியிருந்தால், அந்த நாய் அதன் தாய் இல்லை. உண்மையான தாய்க்கு ஊசியும் போடப்படவில்லை. இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். வாங்கியது நீங்கள் இல்லையென்றால், தெருவில் யார் கையில் புதுக் குட்டி இருந்தாலும் நிறுத்தி இதைச் சொல்லுங்கள். அவர்களும் இன்னொருவரிடம் சொல்லட்டும்.