ஒழுகாத குழாய்

ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கும் என்பார்கள். எங்கள் தோட்டத்தில் துரை வீட்டு நாய்க்குக் குளிக்கவே தனிக் குழாய் இருந்தது. போட்டவர் என் அப்பாதான். ஈப்போவுக்கு அருகிலிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் அவரைப் பைப்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பைப்புக்காரர் பெண்டாட்டியான என் அம்மா, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் மற்ற பெண்களைப் போலவே, பள்ளத்தில் இறங்கி ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்தாள்.

"பங்களாவுக்கு மட்டுந்தானா? நம்ம லயத்துக்கு ஒன்னு வராதா?" என்று அவள் கேட்காத நாளில்லை. "துரை சொல்லணும்லா" என்பார் அப்பா. அந்தப் பேச்சு அதற்குமேல் போனதில்லை.

துரை சொல்வதற்குள் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள்.

பால்மரம் வெட்டப் போனவர்கள் திரும்பும்வரை லயத்தில் நானும் கோழிகளும்தான். எனக்கு ஒரு டின் இருந்தது. அம்மா தலை வாரும்போது உதிரும் முடியைச் சுருட்டி, சவுரி பின்னுவதற்காக அதில் சேர்த்து வைத்திருந்தாள். மூடியைத் திறந்தால் அவள் தலை எண்ணெய் வாசம் வரும். அவள் என்று சொல்ல எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். பகலெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பேன்.

பக்கத்து வீட்டு அத்தை அதைப் பார்த்துவிட்டாள். "செத்தவ முடிய வீட்டுல வச்சிருக்காதீங்க அண்ணே. பிள்ளைக்கு ஆகாது. ஆத்துல விட்டுருங்க" என்றாள். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். அவர் எதற்குத் தலையாட்டினாலும் அது நடந்துவிடும். பயந்துபோய் டின்னை விறகுக்குள் ஒளித்து வைத்தேன்.

ஒருவழியாகத் துரைக்கு மனம் வந்தது. பங்களாவில் மிஞ்சிய குழாய்களை இணைத்து, லயத்து வாசல்வரை அப்பா தண்ணீரைக் கொண்டுவந்தார். கடைசி முனையில், தண்ணீரைத் திறந்து மூடும் திருகு மாட்டுவது மட்டும் பாக்கி. என்னைக் கூப்பிட்டார்.

"விறகுல இருக்கிற டின்ன எடுத்துட்டு வா."

அவருக்குத் தெரிந்திருக்கிறது! ஆற்றுக்குத்தான் போகப்போகிறது என்று அழுதுகொண்டே கொண்டுவந்து கொடுத்தேன். அவர் ஆற்றுப் பக்கமே திரும்பவில்லை. முடியைப் பிரித்து, கயிறு போல முறுக்கி, ஒழுகாமலிருக்க வழக்கமாகச் சணல் சுற்றும் குழாய் முனையின் மரையில் சுற்ற ஆரம்பித்தார். மரை இறுகும் பக்கமாகவே சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் முடுக்கும்போது பிதுங்கி வெளியே வந்துவிடும். அவர் நிதானமாகச் சுற்றினார். அதன்மேல் கொஞ்சம் சணல் நார், அதன்மேல் சிவப்புக் களிம்பு. பிறகு திருகை ஏற்றி, குறடு போட்டு முடுக்கினார்.

"அது அம்மா முடிப்பா!" என்று கத்தினேன்.

"பேசாம இரு" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தாங்கவில்லை. அவர் முழங்காலருகே சணல் ஒரு கட்டு அப்படியே கிடந்தது. அத்தனை நார் இருக்கும்போது என் அம்மாவைத்தானா எடுத்துச் சுற்ற வேண்டும்?

தண்ணீர் வந்ததும் லயமே கூடிக் குதித்தது. முதல் குடத்தை நிரப்பியது அந்த அத்தைதான். "கைராசிக்காரர்!" என்று அப்பாவை வாயாரப் புகழ்ந்தாள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. வெகுநாள்வரை ஒரு சின்னச் செம்பை எடுத்துக்கொண்டு தனியாகவே ஆற்றுக்குப் போய்வந்தேன். வழியில் பேசக்கூட டின் இல்லை. அப்பாவும் என்னைத் தடுக்கவில்லை.

அவரோ வேலை முடிந்து வந்ததும் நேரே குழாயடிக்குப் போவார். குந்தி உட்கார்ந்து, திருகு சேரும் இடத்தைப் பெருவிரலால் மெல்லத் தடவுவார். வெகுநேரம் எழுந்திருக்க மாட்டார். யாராவது கேட்டால், "ஒழுகுதான்னு பாக்குறேன்" என்பார்.

அந்தத் தோட்டத்தை விட்டு நாங்கள் போகும்வரை அது ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஒழுகாத குழாயை ஒரு மனிதர் ஏன் தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. அப்பாவுக்கு வேலையில் அத்தனை கவனம் என்றுதான் நினைத்திருந்தேன்.