கடல்பூதத்தை ஆரு கண்டது?

பெரியம்மா மட்டக்களப்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பனிக்காலத்தில் நான் நாலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு பேசும் ஒரு பெரிய நகரத்தின் ஓரத்தில், பியர்பொன்ட்ஸில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலைக்குப் போவார். அம்மாவுக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை. நான் பள்ளி விட்டு வரும் நேரத்தில் வீட்டில் பெரியம்மா மட்டும்தான் இருப்பார். அவருக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எனக்குத் தமிழ் தெரியும் என்று நானாக நம்பிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா வரவில்லை. அவரைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று அம்மா சொல்லியிருந்தார். சுனாமியிலா என்று கேட்டேன். இல்லை, அதற்குப் பிறகு, மீன்பிடிக்கப் போன இடத்தில் என்றார். பெரியம்மாவிடம் இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்றும் சொல்லிவைத்தார். பெரியம்மா அம்மாவின் அக்கா. ஆனாலும் அந்தச் சில மாதங்களில் அம்மாதான் அவருக்கு மூத்தவர் போல நடந்துகொண்டார்.

அப்போது எனக்கு ஒலி நாடகப் பைத்தியம் பிடித்திருந்தது. நூலகத்தில் அவை சிடிகளாகப் பெட்டியில் கிடைக்கும். அந்த முறை நான் எடுத்து வந்தது விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் நடக்கும் ஒரு துப்பறியும் கதை. கடலோர ஊர் ஒன்றில் மூடுபனிப் புகார் இறங்கும் நாட்களில் கரிய உருவம் ஒன்று தண்ணீரிலிருந்து ஏறி வருகிறது. மீனவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். பரம்பரை பரம்பரையாக அந்தக் கரையில் இருக்கும் பூதம்தான் அவர்களைத் தின்கிறது என்கிறது ஊர். விசாரிக்க லண்டனிலிருந்து ஒரு துப்பறிவாளர் வருகிறார். அவருக்கு எந்நேரமும் தடிமன். தும்மாமல் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்.

சமையலறை மேசையில் சிடி பிளேயரை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெரியம்மா, “அவன் என்ன புள்ள சொல்றான்?” என்றார்.

அன்று தொடங்கியது என் மொழிபெயர்ப்பு வேலை. கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துவேன், சொல்லுவேன், மறுபடி ஓடவிடுவேன். தெரியாத சொல் வந்தால் கைகளால் காட்டுவேன். துப்பறிவாளர் தும்மும்போதெல்லாம், “மல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லு அந்த மனிசன” என்பார் பெரியம்மா. கடல்பூதம் மீனவனை இழுத்துக்கொண்டு போனது என்று நான் குரலைத் தாழ்த்திப் பயமுறுத்திச் சொன்னபோது மட்டும் அவர் பயப்படவில்லை.

“ஆரு கண்டது?” என்றார்.

அடுத்த நிமிடம் துப்பறிவாளரும் தும்மிவிட்டு அதையேதான் கேட்டார். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் விளங்குகிறதோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

கடைசி சிடி ஓடவில்லை. துடைத்தும் பார்த்தேன், ஊதியும் பார்த்தேன். கீறல் விழுந்து இரைந்துகொண்டே இருந்தது. நூலகத்தில் காட்டியபோது, புவாண்ட்-கிளேர் நூலகத்தில் இன்னொரு பிரதி இருக்கிறது, வரவழைக்கச் சில வாரம் ஆகும் என்றார்கள். எனக்கே அது பெரிதாகப் படவில்லை. அம்மாவும் தள்ளிப்போடுகிற குரலில், “பேந்து பாப்பம் அக்கா, கதைதானே” என்றார்.

“பேந்து, பேந்து எண்டுதான் எல்லாரும் சொல்லுறீங்க,” என்றார் பெரியம்மா. குரலை உயர்த்தவில்லை. அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு மேசையை விட்டு எழும்பினார்.

சனிக்கிழமை அம்மாவின் கோட்டையும் அப்பாவின் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு அவர் வாசலில் வந்து நின்றார். அதுவரை வீட்டை விட்டுத் தனியே இறங்கியிராதவர். புவாண்ட்-கிளேர் நூலகத்துக்கு வழி சொல்ல நான் கூடப் போனேன். மாற வேண்டிய பஸ் எங்கள் கண்முன்னே புறப்பட்டுப் போயிற்று. அடுத்ததற்கு நிற்போம் என்றேன். “நிண்டா விறைச்சுப் போவம், நட” என்றார். பனி கணுக்காலுக்கு மேலே கிடந்தது. பெரிய சப்பாத்து அவர் காலில் இருந்து கழன்று கழன்று வந்தது. ஒவ்வொரு முறையும் குனிந்து மாட்டிக்கொண்டு நடந்தார். நான் அழத் தொடங்கியதும் என் கையுறைக் கையைத் தன் கோட்டுப் பைக்குள் இழுத்து வைத்துக்கொண்டார். திரும்பிப் போவோம் என்று மட்டும் சொல்லவில்லை. நூலகத்தில் அந்தப் பெட்டி இருந்தது.

மறுநாள் மத்தியானம் கடைசிப் பகுதியைக் கேட்டோம். பூதம் என்று ஒன்று இல்லவே இல்லை. தார் பூசிய பாய்த்துணியும் மரச்சட்டமும்தான். களவாகச் சரக்கு இறக்கிய கூட்டம் அதை வைத்து ஊரைப் பயமுறுத்தியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்த மீனவர்களைத்தான் அவர்கள் இல்லாமல் ஆக்கியிருக்கிறார்கள். ஊர்ப் பொலிஸ்காரனும் அதில் ஓர் ஆள்.

“நிப்பாட்டு. பொலிஸ்காரன் சொன்னதைத் திருப்பிச் சொல்லு.”

“எல்லாரையும் கடல் கொண்டுபோயிட்டுது, வீட்டுக்குப் போங்க எண்டு சொன்னவன், பெரியம்மா.”

பெரியம்மா கையைத் துடைத்தார். “அவர்ர தோணி கரையிலதான் கிடந்தது,” என்றார். “கயிறு போட்டுக் கட்டினபடி. கடலுக்குப் போகாத மனிசனக் கடல் எப்பிடிக் கொண்டு போகும்?”

கதையில் அப்படி ஒரு தோணி வரவே இல்லை. அவர் கவனமாகக் கேட்கவில்லை என்று எனக்கு எரிச்சல் வந்தது. கதவருகே நின்ற அம்மா, “அக்கா” என்றார். பெரியம்மா என் பக்கம் திரும்பினார்.

“இவன ஆரு புள்ள கூட்டி வந்தது? இந்தத் தடிமன்காரன?”

முதல் சிடியிலேயே அது வந்திருந்தது. காணாமல் போன மீனவன் ஒருவனின் மனைவி லண்டனுக்குப் போய்த் துப்பறிவாளருடைய வாசலில் நின்றாள், வரமாட்டேன் என்று அவர் கதவைச் சாத்தியும் மறுநாள் திரும்பப் போய் நின்றாள் என்று சொன்னேன்.

“ஓம், அவ போய்க் கேட்டிருக்கா,” என்றார் பெரியம்மா. மீதியை அவர் கேட்கவில்லை. துப்பறிவாளர் ஊரிடம் விடைபெறும் இடத்தை நான் தனியாகத்தான் கேட்டேன்.

அன்று பின்னேரம் அப்பாவிடம், காணாமல் போன ஆட்களுக்காகக் கதைக்கிறவர்கள் இந்த நகரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று பெரியம்மா கேட்டார். ஊரில் மிச்சம் இருக்கிறவர்களுக்கு இதனால் ஏதும் வந்துவிடுமே என்றார் அம்மா. “ஒளிச்சு இருந்தும் வந்ததுதானே,” என்றார் பெரியம்மா. அப்பா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவரை நகரத்துக்குக் கூட்டிப் போனார்.

என்னைக் கூட்டிப் போகாதது எனக்குப் பெரிய மனத்தாங்கல். இவ்வளவு நாளும் மொழிபெயர்த்தது நான்தானே. நகரத்து நூலகம் பெரியது என்று கேள்விப்பட்டிருந்தேன். வரும்போது பூதம் வராத கதையாக ஒன்று எடுத்துவரச் சொன்னேன். பெரியம்மா, “ஓம் புள்ள” என்று என் தலையைத் தடவினார்.

பின்னேரம் வெறுங்கையோடு வந்தார். அடுத்த கிழமையும் போனார். அதற்கடுத்த கிழமை அப்பா இல்லாமல் தனியாகவே பஸ் பிடித்துப் போனார். ஒவ்வொரு முறையும் கையில் ஒன்றும் இல்லாமல்தான் திரும்பி வந்தார். இவ்வளவு பெரிய நகரத்தில் நூலகத்தை ஏன் எந்நாளும் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.